ஸ்கீ தெரியாமல் ஷமோனி போகலாமா?

கேள்வி இது: ஜெனீவாவுக்கு வேலை மாறி வந்து ஆறு மாதம் ஆகிறது. பிப்ரவரியில் நான்கு நாள் பிரெஞ்சு ஆல்ப்ஸில் இருக்கும் ஷமோனி பள்ளத்தாக்குக்குப் போக நினைக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, தெரியாது. பையனுக்கு 9 வயது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு 66 வயது, சுத்த சைவம். "ஸ்கீ தெரியாமல் அங்கே போவது காசுக்குக் கேடு" என்கிறார் அலுவலக நண்பர். போகலாமா? போனால் எங்கே தங்கி, எதைப் பார்ப்பது?

தாராளமாகப் போகலாம். எல்லையின் பிரெஞ்சுப் பக்கம் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறேன். வருடத்துக்கு நாலைந்து தடவை ஷமோனி போய்வருகிறேன், அதில் பாதி தடவை ஸ்கீயைத் தொடுவதே இல்லை. ஆனால் உங்கள் நண்பர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆல்ப்ஸில் உள்ள பல ஸ்கீ ஊர்கள் ஸ்கீக்காகவே கட்டப்பட்டவை. விடுதிக் கதவைத் திறந்தால் சரிவு, சரிவில் இறங்கினால் விடுதி. ஷமோனி அப்படி இல்லை. அது ஆர்வ் ஆறு ஓடும் ஒடுக்கமான, நீளமான பள்ளத்தாக்கு. கீழே லெ ஊஷ், நடுவில் 1,035 மீட்டர் உயரத்தில் ஷமோனி நகரம், மேலே அர்ஜாந்தியேர், லெ தூர், அப்புறம் ஒரு கணவாயைத் தாண்டி சுவிஸ் எல்லையை ஒட்டி வல்லோர்சின். ஸ்கீ சரிவுகள் இந்த ஊர்களுக்கு மேலே, இரண்டு பக்க மலைகளிலும் தனித்தனியாகக் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பஸ்ஸில்தான் போக வேண்டும். சரிவுகள் செங்குத்தானவை. ஸ்கீ பூட்ஸை மாட்டிக்கொண்டு, தோளில் ஸ்கீயைச் சுமந்து, கூட்டமான பஸ்ஸில் நின்றபடி போய் இறங்கும்போதே புதிதாகக் கற்பவருக்குப் பாதி உற்சாகம் வடிந்துவிடும். நண்பர் சொல்வது இந்த அனுபவத்தை என்றால் அது உண்மைதான்.

ஆனால் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஆட்கள் வர ஆரம்பித்தது ஸ்கீக்காக அல்ல. 1741-ல் வின்டம், போகாக் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் ஜெனீவாவிலிருந்து கிளம்பி வந்து இங்குள்ள பெரிய பனியாற்றைப் பார்த்து வியந்து எழுதினார்கள். மெர் து கிளாஸ், அதாவது பனிக்கடல் என்ற பெயர் அப்படித்தான் பரவியது. 1760-ல் உங்கள் ஜெனீவாக்காரரான சோசூர் என்ற இளம் விஞ்ஞானி வந்தார். பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கும் மோன் பிளாங் மலையின் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். அந்தப் பரிசுக்கு 26 வருடம் ஆள் கிடைக்கவில்லை. 1786 ஆகஸ்ட் 8 அன்று உள்ளூர் மருத்துவர் மிஷேல் பக்கார், மலையில் படிகக் கற்கள் தேடி விற்கும் ஜாக் பல்மா இருவரும் உச்சியைத் தொட்டார்கள். அடுத்த வருடம் சோசூரே ஏறினார்.

ஊர் நடுவில் பாலத்தருகே ஒரு சிலை பார்ப்பீர்கள். சோசூருக்கு பல்மா கையை நீட்டி உச்சியைக் காட்டுவார். 1887-ல் வைத்தது. அதில் பக்கார் இல்லை. பல்மா தன் பங்கைப் பெரிதாகச் சொல்லிச் சொல்லி, மருத்துவரின் பெயர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மங்கிப் போயிருந்தது. முதல் ஏற்றத்தின் இருநூறாவது ஆண்டான 1986-ல்தான் பக்காருக்குத் தனிச் சிலை வந்தது. கொஞ்சம் தள்ளி, ஒற்றை ஆளாக உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் அவர் முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நகர்வேன். பையனுக்கு இரண்டு சிலைகளையும் காட்டிக் கதையைச் சொல்லுங்கள், மறக்க மாட்டான்.

ஆக, மலையைப் பார்க்கவும் பனியாற்றைப் பார்க்கவும் 280 வருடமாக ஆட்கள் வரும் இடம் இது. ஸ்கீ அதில் பிற்பாடு சேர்ந்தது. அதனால் ஸ்கீ தெரியாதவர்கள் ஏறிப் பார்ப்பதற்கு இங்கே இருக்கும் வசதி வேறு பல ஸ்கீ ஊர்களில் இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். நான்கு நாளுக்கும் தேதிவாரியாகத் திட்டம் போடாதீர்கள். செய்ய வேண்டியவை என்று நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். எதை எந்த நாள் செய்வது என்பதைக் காலை ஏழரைக்கு வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லாக் கேபிள் கார்களின் உச்சியிலும் நேரலைக் கேமரா இருக்கிறது, கைபேசியிலேயே பார்க்கலாம். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் தேங்கி, ஊருக்குள் மந்தமாக இருக்கும். அதே நேரத்தில் 2,000 மீட்டரில் பளீரென்று வெயில் அடிக்கும். கீழே ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு "இன்றைக்கு ஒன்றும் தெரியாது" என்று படுத்துவிட்டால் நல்ல நாள் ஒன்று போய்விடும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கீழே நீலவானம், மேலே ஊதல் காற்று. காற்று அதிகமானால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவராக இருந்தாலும் சரி.

நான் சொல்லும் வரிசையில் முதலில் வருவது, கேபிள் காரில் ஏறிப் பார்க்கும் உயரமான பாறைமுனையான எகுய் து மிதி இல்லை, பிளான்பிராஸ். பலர் எதிராகத்தான் சொல்வார்கள். ஷமோனி நகரத்துக்குள்ளேயே, தேவாலயத்துக்குப் பின்னால் ஏற்றமாகப் போகும் தெருவின் முடிவில் சிறு பெட்டிகள் ஓடும் கேபிள் வண்டி இருக்கிறது. உட்கார்ந்துகொண்டே 2,000 மீட்டருக்குப் போய்விடலாம். அங்கிருந்து இன்னொரு பெரிய கேபிள் கார் 2,525 மீட்டரில் இருக்கும் பிரெவான் முகட்டுக்குப் போகும். இது மோன் பிளாங்குக்கு எதிர்ப்பக்க மலை. பெரிய கோபுரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கோபுரத்தின் மேல் ஏறக் கூடாது, எதிரே நிற்க வேண்டும். இங்கே நின்றால் உச்சியிலிருந்து அடிவாரம் வரை மலை முழுதாகத் தெரியும். தெற்கு பார்த்த சரிவு என்பதால் வெயில் நன்றாக விழும். அம்மாவை வெயிலில் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் ஒரு மணி நேரம் நகர மாட்டார்.

எதிரே தெரியும் மலையில் வலப்பக்கம், வெள்ளையாக ஒரு நாக்கு மாதிரி ஊரை நோக்கி இறங்கி நிற்கும் பனியாற்றின் பெயர் போசோன். இந்தியர்கள் அதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1950 நவம்பர் 3 அன்று ஏர் இந்தியாவின் "மலபார் பிரின்சஸ்" விமானம் மோன் பிளாங்கில் மோதி 48 பேர் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் கப்பலில் வேலைக்குச் சேரப் போய்க்கொண்டிருந்த இந்திய மாலுமிகள். அவர்களைத் தேடி ஏறிய உள்ளூர் வழிகாட்டி ரெனே பாயோவும் பனியில் உயிரை விட்டார். 1966 ஜனவரி 24 அன்று, கிட்டத்தட்ட அதே இடத்தில், ஏர் இந்தியாவின் "கஞ்சன்ஜங்கா" போயிங் விமானம் மோதியது. 117 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. அதில் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் இருந்தார். ஜெனீவாவில் இறங்குவதற்குச் சில நிமிடங்கள்தான் பாக்கி. மலையைத் தாண்டிவிட்டோம் என்று விமானி நினைத்துவிட்டார், தாண்டவில்லை.

பனியாறு என்பது மெதுவாக ஓடும் ஆறு. மேலே விழுந்ததை உள்ளே இழுத்து, பல பத்தாண்டு கழித்துக் கீழே கொண்டுவந்து போடும். 1820-ல் உச்சிக்குப் போன ஒரு குழுவில் மூன்று வழிகாட்டிகளைப் பனிச்சரிவு பிளவுக்குள் தள்ளிவிட்டது. 1861-ல், 41 வருடம் கழித்து, அவர்களின் உடல் எச்சங்கள் போசோன் பனியாற்றின் கீழ்முனையில் வெளியே வந்தன. அந்த 1820 விபத்துக்குப் பிறகுதான், 1821-ல், ஷமோனியின் வழிகாட்டிகள் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது. அதே மாதிரி, 1966 விமானத்தின் பொருட்களையும் போசோன் இப்போது திருப்பித் தந்துகொண்டிருக்கிறது. 2012-ல் இந்திய வெளியுறவுத் துறையின் தபால் பை ஒன்று கிடைத்தது. 2013-ல் மலையேறும் இளைஞர் ஒருவர் மரகதமும் நீலக்கல்லும் இருந்த சிறு பெட்டியைக் கண்டெடுத்து நேராகப் போலீஸில் ஒப்படைத்தார். எட்டு வருடம் உரிமையாளரைத் தேடிவிட்டு, 2021-ல் அவருக்குப் பாதி, ஊராட்சிக்குப் பாதி என்று பிரித்தார்கள். முதன்முதலாக இதைக் கேள்விப்பட்ட பிறகு அந்த வெள்ளை நாக்கை வேறு மாதிரிதான் பார்க்க முடிகிறது.

சரி, எகுய் து மிதிக்கு வருகிறேன். பெயருக்கு "நடுப்பகல் ஊசி" என்று அர்த்தம். ஷமோனியிலிருந்து பார்த்தால் நண்பகலில் சூரியன் அந்தப் பாறைமுனைக்கு மேலே நிற்கும். 1955-ல் திறந்த கேபிள் கார் 1,035 மீட்டரிலிருந்து 3,777 மீட்டருக்கு இருபது நிமிடத்தில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. நடுவில் 2,317 மீட்டரில் ஒரு நிலையத்தில் வண்டி மாற வேண்டும். அதற்கு மேலே இருக்கும் தூரத்தை, இடையில் ஒரு தூண் கூட இல்லாமல், ஒரே வீச்சில் கம்பியிலேயே கடக்கும். உச்சியில் லிஃப்டில் இன்னும் ஏறினால் 3,842 மீட்டர். கீழே ஆயிரம் மீட்டர் பள்ளம் தெரியும் கண்ணாடிப் பெட்டி ஒன்று 2013 முதல் இருக்கிறது. பையன் குதிப்பான்.

அம்மா விஷயத்தில் யோசித்து முடிவெடுங்கள். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். மலைப்பாதையில் நிதானமாக ஏறும் அந்த உயரத்தை இங்கே பத்து நிமிடத்தில் கடந்து, அதற்கு மேலும் 1,500 மீட்டர் போகிறீர்கள். உடம்பு பழக நேரமே கிடைக்காது. பிப்ரவரியில் மேலே மைனஸ் 15 சாதாரணம். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம். என் அப்பா வந்தபோது அவருக்கு 68 வயது. மேலே போய் இறங்கியதும் உற்சாகத்தில் படிக்கட்டில் விறுவிறுவென்று ஏறினார். பத்தாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் வெளுத்து, உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. பயந்துபோய் உட்கார வைத்தேன். கால் மணி நேரத்தில் சரியானார், ஆனால் அடுத்த வண்டியிலேயே கீழே வந்துவிட்டோம். உங்கள் அம்மா போவதாக இருந்தால் நடுநிலையத்தில் அரை மணி நேரம் இருந்துவிட்டு ஏறுங்கள். மேலே பாதி வேகத்தில் நடங்கள். தலை சுற்றினால் யோசிக்காமல் இறங்கிவிடுங்கள். நடுநிலையத்தோடு அவர் திரும்பினாலும் ஒன்றும் குறைந்துவிடாது; அங்கிருந்தே ஊசி ஊசியான பாறைகள் தலைக்கு மேல் நிற்பது தெரியும்.

மேலே ஒரு பனிக்குகை வாசல் வழியாக ஸ்கீயர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்திமுனை மாதிரியான பனிவரப்பில் இறங்குவதைப் பார்க்கலாம். வாலே பிளாங்ஷ் என்ற பாதை அங்கே தொடங்குகிறது. சுமார் 20 கிலோமீட்டர், பனியாற்றின் மேலேயே இறங்கி வரும் பாதை. அடையாளக் கொடி கிடையாது, சமன்படுத்திய தடம் கிடையாது, ரோந்து கிடையாது. பனிக்கு அடியில் பிளவுகள் இருக்கும். நன்றாக ஸ்கீ தெரிந்தவர்களே வழிகாட்டியோடுதான் போவார்கள். அந்த வாசலைத் தாண்டி "ஒரே ஒரு போட்டோ" என்று யாரும் காலை வைக்கக் கூடாது.

மூன்றாவது, மோந்தான்வேர் ரயில். அப்பாவுக்கு உயிர் திரும்பிவந்தது இங்கேதான். அவர் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊட்டி மலை ரயிலின் இன்ஜின்கள் அங்கேதான் பழுதுபார்க்க வரும். இந்தச் சின்னச் சிவப்பு ரயில் கிளம்புவதற்கு முன்னால், நடைமேடை ஓரமாகக் குனிந்து, தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் பல்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்மூரில் ரெண்டு பட்டை, பல்லை முன்னே பின்னே தள்ளி வைத்திருப்போம். இவர்கள் ஒரே தண்டவாளத்தின் தலையிலேயே பல்லை வெட்டியிருக்கிறார்கள் பார்" என்று காட்டினார். அவர் சொன்னது சரி. ஊட்டிப் பாதையில் இருப்பது ஆப்ட் முறை, இங்கே இருப்பது ஸ்ட்ரூப் முறை. 5 கிலோமீட்டர் தூரம்தான். 1909-ல் முழுதாகத் திறந்த பாதை, 1,913 மீட்டர் உயரத்துக்கு ஏறும். அம்மாவுக்கு இது கொஞ்சம் கூட சிரமம் தராது.

மேலே இறங்கியதும் கண்ணுக்கு முன்னால் இருப்பது மெர் து கிளாஸ், பிரான்ஸின் மிகப் பெரிய பனியாறு. பழைய அஞ்சலட்டைகளில் நிலையத்துக்குச் சற்றுக் கீழேயே அலை அலையாகப் பனி நிற்கும், குடை பிடித்த பெண்கள் அதன்மேல் நடப்பார்கள். இன்றைக்கு எட்டிப் பார்த்தால் ஆழத்தில் மண்ணும் கல்லும் மூடிய சாம்பல் நிறப் பட்டை ஒன்றுதான் தெரியும். பனியைக் குடைந்த குகைக்குப் போக 1988-ல் ஒரு கேபிள் கார் போட்டார்கள். அப்போது அதிலிருந்து இறங்கிச் சில படிகள் போனால் பனியைத் தொடலாம். பனி இறங்க இறங்கப் படிகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள், ஐந்நூறையும் தாண்டிவிட்டது. இறங்கும் வழியில் பாறையில் பலகைகள் அடித்திருந்தார்கள்: 1990-ல் பனி இந்த மட்டத்தில் இருந்தது, 2001-ல் இந்த மட்டத்தில், என்று. ஏரி வற்றும்போது கரைக்கல்லில் பழைய தண்ணீர் மட்டம் கோடு கோடாகத் தெரியுமே, அந்த மாதிரி. 1990 பலகையில் கையை வைத்துக்கொண்டு கீழே பனி எங்கே இருக்கிறது என்று தேடியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. 1990-ல் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நூற்றாண்டுக் கணக்கெல்லாம் இல்லை, என் ஆயுளுக்குள்ளேயே இவ்வளவும் நடந்திருக்கிறது. கடைசியில் அந்தக் கேபிள் காரையே கைவிட்டு, பனியாற்றின் மேல்பக்கமாகத் தள்ளிப் புதிதாக ஒன்றை 2024 பிப்ரவரியில் திறந்தார்கள். படிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன, அம்மாவுக்கு வசதிதான். ஆனால் ஏன் தள்ளிப் போட வேண்டியிருந்தது என்பதைப் பையனுக்குச் சொல்லுங்கள். ஸ்கீயை விட இதை அவன் பார்த்தாக வேண்டும்.

அப்புறம், ஸ்கீ. மூன்று பேரும் ஒரு நாளாவது காலை வைத்துப் பாருங்கள். அதற்கு ஏற்ற இடங்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கின்றன, பெரிய சரிவுகளில் தேடக் கூடாது, அவ்வளவுதான். லெ தூர் கிராமத்தில் வோர்மேன் என்ற சின்னச் சரிவு இருக்கிறது. 1,450 மீட்டருக்கு மேல் என்பதால் பனி நிற்கும், வெயிலும் படும், வேகமாக வருபவர்கள் குறுக்கே வர மாட்டார்கள். ஷமோனி நகரத்தை ஒட்டி பிளானார், லெ ஊஷில் லெ தூர்ஷே என்று இன்னும் சில உண்டு. இவற்றுக்கு முழுப் பள்ளத்தாக்குச் சீட்டு வாங்கத் தேவையே இல்லை, அந்தச் சரிவுக்கு மட்டும் விலை குறைந்த சீட்டு கிடைக்கும். பையனை ஸ்கீ பள்ளியில் குழு வகுப்பில் சேர்த்துவிடுங்கள். ஆசிரியர் பிரெஞ்சில் பேசினாலும் குழந்தைகள் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். ஸ்கீகளின் முன்முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை விரித்து, கூரை முகடு மாதிரி வைத்தால் வேகம் குறையும் என்பதுதான் முதல் பாடம். நிலைக்கு நிலை ஒரு பதக்கம் உண்டு, அதைச் சட்டையில் குத்திக்கொண்டு தூங்கப் போவான்.

தடங்களுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறக்குறி உண்டு. பச்சை எளிது, கறுப்பு கடினம். லெ ஊஷில் மட்டும் கவனமாக இருங்கள். அங்கே "லா வெர்த்", அதாவது "பச்சை" என்றே பெயர் கொண்ட தடம் ஒன்று இருக்கிறது. உலகக் கோப்பைப் பந்தயங்கள் நடக்கும் கறுப்புத் தடம் அது. பெயரைப் பார்க்காதீர்கள், பலகையின் நிறத்தைப் பாருங்கள்.

பூட்ஸ் வாடகைக்கு எடுக்கும்போது அவசரப்படக் கூடாது. என் முதல் வருடம் ஒரு வாடகைக் கடையில் கூட்டத்தைச் சமாளிக்க ஒரு அளவு பெரிதாகக் கொடுத்துவிட்டார்கள். காலுக்கு வசதியாக இருந்ததால் நானும் வாங்கிக்கொண்டேன். குதிகால் உள்ளே ஆடி ஆடி, மதியத்துக்குள் இரண்டு காலிலும் கொப்புளம். ஸ்கீ பூட்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்றால்: நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்சுவரை லேசாகத் தொடும், முழங்காலை முன்னே மடக்கினால் விரல் விலகி, குதிகால் பின்னால் அழுத்தமாக உட்காரும். ஒரே ஒரு காலுறை போதும், மெலிதாக, முழங்கால் வரை. குளிருக்கு என்று இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும் குளிரும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது.

சரிவில் அடிபட்டால் தூக்கி வருவதற்குப் பிரான்ஸில் கட்டணம் உண்டு. சீட்டு வாங்கும்போதே நாளுக்குச் சில யூரோவுக்கு காப்பீடு சேர்த்துக்கொள்ளலாம், சேர்த்துவிடுங்கள். தடத்துக்கு வெளியே மலையில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றுவது காவல்துறையின் மலைப்படை. 1956 டிசம்பரில் வான்சான்டோன், ஆன்ரி என்ற இரண்டு இளைஞர்கள் மோன் பிளாங்கில் சிக்கிக்கொண்டார்கள். கீழே ஊரே தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருக்க, நாட்கணக்கில் தவித்து இறந்துபோனார்கள். மீட்பு வேலை யார் பொறுப்பு என்பதே அன்று தெளிவாக இல்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகு, 1958-ல், அமைந்த படை இது.

பனிச்சரிவு பற்றி அம்மா கவலைப்படுவார். தடத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் இருக்கும்வரை நீங்கள் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்த மலை விளையாட்டுப் பொருள் இல்லை. 1999 பிப்ரவரி 9 அன்று, நாட்கணக்கில் பனி கொட்டிய பிறகு, லெ தூருக்குப் பக்கத்தில் மோன்ரோக் கிராமத்தின் மேல் பனிச்சரிவு இறங்கி வீடுகளை நொறுக்கியது. வீட்டுக்குள் இருந்த 12 பேர் இறந்தார்கள். இன்றைக்கு தினமும் ஆபத்து அளவை 1 முதல் 5 வரை எண் போட்டு அறிவிக்கிறார்கள். கேபிள் கார் நிலையங்களில் எழுதி வைத்திருப்பார்கள். 3 என்றால் "நடுத்தரம்தானே" என்று நினைக்க வேண்டாம், அது கணிசமான ஆபத்து. பாதை மூடியிருக்கிறது என்று கயிறு கட்டியிருந்தால் திரும்பிவிடுங்கள்.

உண்மையில் உங்கள் குடும்பத்துக்கு இருக்கும் பெரிய ஆபத்து ஊர் நடைபாதைதான். பகலில் உருகும் பனி ராத்திரியில் உறைந்து, காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும். பெரியவர்கள் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வது அப்படித்தான். ஷூவுக்கு மேலே ரப்பரில் இழுத்து மாட்டும் சிறு முள்கள் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். ஊருக்குள் நுழைந்ததும் அம்மாவுக்கு முதல் வேலையாக அதை வாங்கிவிடுங்கள்.

பனி கொட்டும் நாளில் எதுவும் தெரியாது, மேலே போகாதீர்கள். அன்றைக்கு ஷமோனி ரயில் நிலையத்திலிருந்து வல்லோர்சின் போகும் சிவப்பு ரயிலில் ஏறுங்கள். காடும் பனி மூடிய கூரைகளும் ஜன்னலில் ஓடிக்கொண்டே இருக்கும். விடுதியில் தரும் விருந்தினர் அட்டை இருந்தால் பள்ளத்தாக்குக்குள் பஸ்ஸும் இந்த ரயிலும் இலவசம். ஷமோனியின் ஐஸ் ஸ்கேட்டிங் அரங்குக்கும் பையனை அழைத்துப் போகலாம். 1924 ஜனவரி 25 முதல் பிப்ரவரி 5 வரை முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது இந்த ஊரில்தான். 16 நாடுகள் வந்தன. அப்போது அதற்கு ஒலிம்பிக் என்ற பெயர் கூட இல்லை, "குளிர்கால விளையாட்டு வாரம்" என்றுதான் நடத்தினார்கள். பிறகுதான் அந்தத் தகுதியைக் கொடுத்தார்கள். நார்வேயிலிருந்து சோன்யா ஹெனி என்ற 11 வயதுச் சிறுமி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் கலந்துகொண்டு கடைசியாக வந்தாள். அடுத்த மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் அவளுக்கே. உங்கள் பையனை விட இரண்டே வயது பெரியவள்.

சாப்பாடு. இந்தச் சவோய் பகுதியில் எல்லாமே பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும்தான். கேட்டால் சைவம் என்பார்கள், ஆனால் தார்திஃப்ளெத்தில் பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கும், உருக்கிய பாலாடைக்கட்டியான ஃபோந்துவில் வெள்ளை ஒயின் ஊற்றியிருப்பார்கள். உருக்கிய கட்டியை உருளைக்கிழங்கின் மேல் வழித்துப் போடும் ராக்லெத்தில், பக்கத்தில் வைக்கும் இறைச்சித் தட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால் இந்தப் பாரம்பரியக் கட்டிகளை உறைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட்டால். அம்மா அதிலும் கண்டிப்பாக இருப்பார் என்றால், சமையலறை உள்ள அடுக்குமாடி வீடாக வாடகைக்கு எடுங்கள். குக்கரையும் அரிசியையும் காரில் போட்டுக்கொள்ளுங்கள். பிளான்பிராஸ் வெயிலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டிருக்கிறோம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

தங்குவதற்கு, உங்கள் குடும்பத்துக்கு ஷமோனி நகரத்துக்குள்ளேயே, ரயில் நிலையத்துக்குப் பக்கமாக எடுப்பது நல்லது. மோந்தான்வேர் ரயிலுக்கும் எகுய் து மிதிக்கும் நடந்தே போகலாம். ஸ்கீ நாளில் மட்டும் லெ தூருக்குப் பஸ். ஜெனீவாவிலிருந்து சாலையில் ஒன்றேகால் மணி நேரம். நவம்பர் முதல் மார்ச் முடிய இந்த மாவட்டத்தில் குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம். வாடகைக் கார் என்றால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ரயிலில் என்றால் ஜெனீவாவின் புறநகர் ரயிலான லெமான் எக்ஸ்பிரஸில் சேன் ஜெர்வே வரை வந்து, அங்கே சிவப்பு ரயிலுக்கு மாற வேண்டும்; ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். அம்மா ஷெங்கன் விசாவில் வந்திருந்தால் தனி விசா வேண்டாம், ஆனால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று, தேதி. பிப்ரவரியில் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு மண்டலம் மண்டலமாகக் குளிர்கால விடுமுறை வரும். கிட்டத்தட்ட மாதம் முழுக்க ஏதோ ஒரு மண்டலம் விடுமுறையில் இருக்கும். அந்த வாரங்களில் வீட்டு வாடகை ஏறிவிடும், சனிக்கிழமை சாலை நெரிந்துபோகும், எகுய் து மிதிக்கு முன்பதிவு இல்லாமல் ஏறவே முடியாது. முடிந்தால் மார்ச் நடுவுக்குத் தள்ளுங்கள். வெயில் கூடும், பகல் நீளும், மேலே பனி அப்படியே இருக்கும். பையனின் பள்ளி விடுமுறை எந்த வாரம் என்று எழுதுங்கள், எந்த நான்கு நாள் தோது என்று பார்த்துச் சொல்கிறேன்.